கணவருக்குத் தெரியாமல் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா?

காரைக்குடிக்குப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்தின் சுருக்கம்: "நானும் என் கணவரும் தென்னிந்தியத் திருச்சபையில் பிறந்து, குழந்தைகளாக ஞானஸ்நானம் பெற்று, பிறகு திடப்படுத்தலும் எடுத்தவர்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் கணவர் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகத் தொடங்கி, கண்மாயில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். எங்கள் மகளுக்கு இப்போது ஏழு மாதம். குழந்தை ஞானஸ்நானம் வேதத்தில் இல்லை, அவள் வளர்ந்து தானே கேட்கட்டும் என்கிறார். நான் சிறு வயதில் பெற்றதும் செல்லாது, நானும் முழுக்கு எடுக்க வேண்டும் என்கிறார். தேவகோட்டையில் இருக்கும் என் அம்மாவோ, ஞானஸ்நானம் இல்லாமல் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று தூங்காமல் கிடக்கிறார். வெள்ளைச் சட்டைகூடத் தைத்து வைத்துவிட்டார். தள்ளிப்போனால் அது சிறிதாகிவிடுமே என்றும் அவருக்குக் கவலை. அடுத்த முறை நான் அங்கே போகும்போது, மாப்பிள்ளைக்குச் சொல்லாமல் அங்குள்ள ஆயரிடம் கேட்டு முடித்துவிடலாம் என்கிறார். நான் என்ன செய்வது?"

அன்புச் சகோதரிக்கு, நம் ஆண்டவரின் நாமத்தில் வாழ்த்துகள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றவை காத்திருக்கலாம், இது காத்திருக்காது. கணவருக்குத் தெரியாமல் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டாம். ஞானஸ்நானத் தொட்டியருகே ஆயர் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே பெற்றோரிடம் கேள்வி கேட்கிறார்: இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்ப்பீர்களா, ஜெபிக்கக் கற்றுக்கொடுப்பீர்களா, சபைக்குக் கொண்டுவருவீர்களா என்று. அந்தக் கேள்விக்குச் சபை நடுவே பதில் சொல்ல வேண்டிய இருவரில் ஒருவரை ஏமாற்றிவிட்டு, மற்றவர் மட்டும் "ஆம்" என்று சொன்னால், அந்த "ஆம்" என்ற சொல்லே பழுதாகிவிடுகிறது. தகப்பனுக்கு ஒளித்துச் செய்த காரியம் இது என்று உங்கள் மகள் என்றாவது அறிய நேர்ந்தால், அவளுக்கு ஞானஸ்நானத்தின் நினைவே உங்கள் இருவருக்கும் இடையிலிருந்த பிளவின் நினைவாகிவிடும். முழு விவரம் தெரிந்த எந்த ஆயரும் இதற்கு இசையக் கூடாது என்பதே என் எண்ணம்.

இனி உங்கள் அம்மாவின் பயம். அதை நான் சிறிதாக எண்ணவில்லை. பிள்ளையை மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நள்ளிரவில் ஆயர் வீட்டுக் கதவைத் தட்டிய தகப்பன்மாரை நான் அறிவேன். அவர்களோடு போய், அந்தப் பெட்டியின் துவாரத்தில் கைவிட்டு, பஞ்சில் நனைத்த தண்ணீரை ஓர் எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றே பெரிதாயிருந்த தலையில் மூன்று முறை ஒற்றி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொன்னதும் உண்டு. அதைச் செய்ததற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. ஆனால் அந்தப் பஞ்சு படாமற்போனால் கடவுள் அந்தப் பிள்ளையைத் தள்ளிவிடுவார் என்று நினைத்து நான் அதைச் செய்யவில்லை. கடவுள் அந்தப் பிள்ளையைத் தம்முடையதென்று சொல்கிறார் என்பதை அதன் தாயும் தகப்பனும் தங்கள் காதால் கேட்க வேண்டும் என்பதற்காகவே செய்தேன்.

அம்மா வேதம் வாசிக்கிறவராக இருந்தால், மாற்கு 16-ஆம் அதிகாரத்தின் 16-ஆம் வசனத்தை நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான், விசுவாசியாதவனோ ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்படுவான்." முதற்பாதியில் விசுவாசம், ஞானஸ்நானம் என்ற இரண்டும் இருக்கின்றன; இரண்டாம் பாதியில் "ஞானஸ்நானம் பெறாதவன்" என்ற சொல் இல்லை. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு எந்தத் தண்ணீரும் கிடைக்கவில்லை, அவனுக்குப் பரதீசு கிடைத்தது. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளுக்கு, மிக இலேசானதாயினும், ஒரு தண்டனை உண்டென்று 5-ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்தீன் கற்பித்ததும், அதைத் தாங்கமாட்டாமல் இடைக்காலத்தார் துன்பமும் இல்லாத, கடவுளின் தரிசனமும் இல்லாத 'லிம்போ' என்றோர் இடத்தைக் கற்பித்துக்கொண்டதும் உண்மைதான். ஆனால் குழந்தைகளுக்கு விரைவில் கொடுக்க வேண்டும் என்பதில் உறுதியாக நிற்கும் கத்தோலிக்கத் திருச்சபையே, அப்படிப்பட்ட குழந்தைகளின் மீட்புக்காக நம்பிக்கையோடிருக்கத் தக்க காரணங்கள் உண்டென்று தன் இறையியல் ஆணையத்தின் வாயிலாக 2007-இல் வெளியிட்டது. அந்த அகஸ்தீனின் தாயான மோனிக்கா, ஜெபத்துக்குப் பெயர் பெற்ற அந்த அம்மையார், தம் மகன் சிறுவனாயிருந்து சாகக் கிடந்தபோது ஞானஸ்நானத்துக்கு ஏற்பாடு செய்து, அவன் பிழைத்ததும் தள்ளிப்போட்டவர்தான். அகஸ்தீன் 387-ஆம் ஆண்டின் உயிர்த்தெழுதல் பண்டிகையில், 32 வயதில், மிலான் நகரத்தில் ஞானஸ்நானம் பெற்றார். தள்ளிப்போட்டது சரியில்லை என்று பின்னாளில் அவரே எழுதியதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனாலும் தாயின் கண்ணீர் வீணாகவில்லை.

எனவே பயம் ஒரு பிள்ளையைத் தொட்டியருகே கொண்டுவரத் தகுந்த காரணம் அல்ல. பயத்தை எடுத்து ஓரமாக வைத்தபின் மிச்சமிருப்பதுதான் உண்மையான கேள்வி.

அந்தக் கேள்வியிலும் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எவ்வளவு தண்ணீர் என்பது ஒன்று. எந்த வயதில் என்பது மற்றொன்று. நம் ஊரில் 'முழுக்கு' என்றால் பெரியவர்களுக்கு, 'தெளிப்பு' என்றால் குழந்தைகளுக்கு என்று பழகிப்போனதால் இரண்டையும் ஒன்றென்றே எண்ணிவிடுகிறோம். கிரேக்க மரபுவழித் திருச்சபைகளில் இன்றும் கைக்குழந்தையை மூன்று முறை தண்ணீரில் முழுக்கியே எடுக்கிறார்கள். மறுபக்கம், குழந்தை ஞானஸ்நானம் கூடாதென்று 1525 ஜனவரியில் சூரிக் நகரத்தில் ஒருவருக்கொருவர் புதிதாக ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டவர்கள், தலையில் தண்ணீர் ஊற்றித்தான் அதைச் செய்தார்கள். நம் கத்தோலிக்கச் சகோதரர்கள் தலையில் ஊற்றிவிட்டு அதைத் 'திருமுழுக்கு' என்றே அழைக்கிறார்கள். அப்போஸ்தலர் காலத்தை அடுத்தெழுந்த 'திதாக்கே' என்னும் சிறு போதனை நூல், ஓடுகிற தண்ணீரில் கொடுங்கள், அது இல்லையேல் வேறு தண்ணீரில், அதுவும் போதாதாயின் தலையில் மூன்று முறை ஊற்றுங்கள் என்று சொல்லிவிடுகிறது. கோடையில் கண்மாய் வெடித்துக் கிடக்கும் நம் சீமைக்கு இது நன்றாகவே பொருந்தும். தண்ணீரின் அளவைப் பற்றி இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. அடக்கம்பண்ணப்பட்டு எழும்புவதை முழுக்கு கண்ணுக்குத் தெளிவாகக் காட்டுகிறது என்று உங்கள் கணவர் சொன்னால், ரோமர் 6-ஐ வைத்துப் பார்க்கையில் அவர் சொல்வது சரியே.

வயதைப் பற்றிய கேள்வி கனமானது. உங்கள் கணவர் பக்கத்தில் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்ல வேண்டும். ஒரு கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக வெளிப்படையாகச் சொல்லும் வசனம் புதிய ஏற்பாட்டில் இல்லை. மனந்திரும்புங்கள், விசுவாசியுங்கள், ஞானஸ்நானம் பெறுங்கள் என்ற வரிசையில்தான் அப்போஸ்தலர் பேசுகிறார்கள். அறிந்து எடுக்கும் ஞானஸ்நானம் எவ்வளவு பெரிய காரியம் என்பதற்குத் தேவகோட்டையிலிருந்து தொண்டிப் பக்கம் போனால் ஓரியூரின் செம்மண்ணே சாட்சி. மறவர் குலத் தலைவரான தடியத்தேவர் கிறிஸ்துவை ஏற்றபோது, ஒரு மனைவியோடு மட்டுமே வாழ வேண்டும் என்று அருளானந்தர் என்னும் இயேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோ கேட்டார். அவரும் அப்படியே மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவினராயிருந்ததால் மூண்ட கோபம், 1693 பிப்ரவரி 4-இல் அருளானந்தரின் தலையைக் கொண்டுபோனது. வாழ்க்கையை இப்படிப் புரட்டிப்போடும் ஒன்றை, பாலுக்கு அழும் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது என்று ஒருவர் கேட்டால், அது அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல.

ஆனால் தடியத்தேவரைப் போலப் புதிதாக வந்தவர்களின் வீட்டில் அடுத்த ஆண்டு ஒரு பிள்ளை பிறந்தால், அந்தப் பிள்ளை யார்? உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? இந்த இடத்தில்தான் வேதம் நமக்குச் சில திறப்புகளைத் தருகிறது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு, "வாக்குத்தத்தமானது உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும்" உண்டு என்றார். லீதியாளும் அவள் வீட்டாரும் பெற்றார்கள், ஸ்தேவானுடைய வீட்டாருக்குப் பவுல் கொடுத்தார், பிலிப்பியில் சிறைச்சாலைக்காரன் நள்ளிரவில் பவுல், சீலா ஆகியோரின் காயங்களைக் கழுவினான், அந்நேரமே "அவனும் அவனுடையவர்கள் அனைவரும் உடனே ஞானஸ்நானம் பெற்றார்கள்." அந்த வீடுகளில் குழந்தைகள் இருந்தார்களென்று எழுதப்படவில்லை, இல்லையென்றும் எழுதப்படவில்லை. வீட்டுத் தலைவன் திரும்பினால் வீடே திரும்பும் உலகம் அது. எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்து பிள்ளையை உடன்படிக்கைக்குள் ஏற்றுப் பழகிய யூதரிடம், புதிய உடன்படிக்கையில் உங்கள் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று சொல்வதாயிருந்தால், அதைக் குறித்துப் பெரிய வாக்குவாதமே எழுந்திருக்கும். அப்படி ஒரு வாக்குவாதத்தின் சுவடு நிருபங்களில் இல்லை. என் வரையில் இந்த மௌனம் வலுவான சான்று. முடிவான சான்று என்று சொல்லமாட்டேன்.

ஆதித் திருச்சபை இதில் ஒரே குரலாக இருந்ததா என்றால், இல்லை. கி.பி. 200-ஐ ஒட்டிக் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், குற்றமறியாத வயதினர் பாவமன்னிப்புக்கு ஏன் விரைய வேண்டும், பொறுத்திருக்கட்டும் என்று எழுதினார். அவர் தடுத்து எழுதினார் என்பதிலிருந்தே அந்த வழக்கம் அப்போது இருந்தது என்பதும் தெரிகிறது. அதே வட ஆப்பிரிக்காவில், ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பின், ஃபீதுஸ் என்ற ஆயர் வேறொரு சந்தேகத்தை எழுப்பினார்: எட்டு நாளாவது பொறுக்க வேண்டாமா, பிறந்த உடனே பிள்ளையைச் சமாதான முத்தமிட மனம் கூசுகிறதே, அது சுத்தமாயில்லையே என்று. தீட்டு என்ற சொல்லை அறிந்த நமக்கு அந்தக் கூச்சம் புதிதல்ல. கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியானும் அவரோடு கூடியிருந்த 66 ஆயர்களும் அவருக்கு எழுதிய பதிலில், எட்டு நாளும் வேண்டியதில்லை என்றார்கள்; பிறந்த குழந்தையை முத்தமிடும்போது, அதை இப்போதுதான் உருவாக்கி முடித்த கடவுளின் கைகளையே முத்தமிடுகிறோம் என்று எண்ண வேண்டும் என்றார்கள். குழந்தை ஞானஸ்நானத்தைக் குறித்து நான் வாசித்தவற்றில் என் மனத்தில் மிக ஆழமாகத் தங்கியது இதுதான்.

ஞானஸ்நானத்தில் செயல்படுகிறவர் யார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அது நான் கடவுளுக்குச் சொல்லும் சாட்சி என்றால், பேசத் தெரியாத பிள்ளைக்கு அது பொருந்தாது. உங்கள் கணவர் சொல்வதே சரி. அது முதலில் கடவுள் எனக்குச் செய்யும் காரியம், என் சாட்சி அதற்குப் பின்வரும் பதில் என்றால், பிள்ளை பெறுவதற்குத் தடையில்லை. ஏழு மாதப் பிள்ளையும் எழுபது வயதுப் பெரியவரும் அங்கே ஒரேவிதமாக வெறுங்கையோடுதான் நிற்கிறார்கள். திமிர்வாதக்காரனை நால்வர் கூரையைப் பிரித்து இறக்கியபோது, "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" அவனுக்கு மன்னிப்பைச் சொன்னார் என்று எழுதியிருக்கிறது. படுத்துக் கிடந்தவன் அதுவரை வாய் திறக்கவே இல்லை.

நம் பகுதி வழக்கத்திலிருந்து ஒன்றை ஒப்பிட்டுக் காட்டலாம். நகரத்தார் வீட்டில் ஓர் ஆண்பிள்ளை பிறந்தால், இளையாத்தங்குடியோ மாத்தூரோ பிள்ளையார்பட்டியோ, ஒன்பது கோயில்களில் ஒன்றுக்கு அவன் பிறப்பிலேயே உரியவன். அவனை யாரும் கேட்பதில்லை. ஆனால் அவன் 'புள்ளி' என்று எண்ணப்படுவதும், புள்ளிவரி கொடுக்கும் பொறுப்புக்கு வருவதும் திருமணம் ஆன பின்புதான். உரியவனாயிருப்பது முன்னே வருகிறது, பொறுப்பேற்பது பின்னே வருகிறது. நம் திருச்சபையில் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் ஏறக்குறைய இந்த உறவில்தான் இருக்கின்றன. ஆனால் ஒப்புமை இங்கே நின்றுவிடுகிறது. கோயில் புள்ளி இரத்த வழியில் வருவது. கடவுளின் பிள்ளைகளோ "இரத்தத்தினாலாவது" பிறவாதவர்கள் என்று யோவான் எழுதுகிறார். கிறிஸ்தவப் பெற்றோருக்குப் பிறந்ததாலேயே ஒரு பிள்ளை கிறிஸ்தவப் பிள்ளை ஆகிவிடாது என்பதைச் சொல்லவே அந்தத் தண்ணீர் வைக்கப்பட்டிருக்கிறது. எந்தக் குடும்பம், எந்தச் சாதி என்ற கேள்விகள் அங்கே கரைய வேண்டும். நம் தமிழ்ச் சபைகளில் அவை இன்னும் கரையாமல் இருப்பது ஞானஸ்நானத்துக்கு நாம் செய்யும் அவமரியாதை. அதற்கு முழுக்கு, தெளிப்பு என்ற வேறுபாடு கிடையாது.

இவ்வளவு சொன்ன நான், குழந்தை ஞானஸ்நானத்துக்கு எதிராக என் மனத்தை இன்றும் அறுக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு திடப்படுத்தல் வகுப்பில், பதினைந்து வயதுப் பையன் ஒருவன் எழுந்து, "ஐயா, எனக்காக அன்றைக்கு வாக்குக் கொடுத்தவர்கள் யார்?" என்று கேட்டான். வகுப்பு முடிந்ததும் அவனையும் அழைத்துக்கொண்டு போய், ஆலய அலமாரியிலிருந்து ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துப் பிரித்தேன். ஓரம் செல்லரித்த அந்தப் பக்கத்தில் அவன் பெயர், பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர், கீழே என் கையெழுத்து. ஞானத்தகப்பன் மலேசியாவுக்குப் போனவர், பிறகு தொடர்பில்லை. ஞானத்தாய் அதே ஊரில் இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். "இவங்களா? இவங்க என்கிட்ட பேசினதே இல்லையே" என்றான் அவன். விரலை அந்தப் பெயர்மேல் வைத்தபடியே வெகுநேரம் நின்றான். மாமா சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வரும் வாரம், மண்டபம் கிடைக்கும் நாள், சங்கிலி போடப்போவது யார் என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, வாக்குக் கொடுக்கப்போகிறவர் அதைக் காப்பாற்றுவாரா என்பதை மட்டும் விசாரியாமல் நடத்திய எத்தனையோ ஞானஸ்நானங்களில் அதுவும் ஒன்று. அதில் என் பங்கும் இருந்தது. அன்றிலிருந்து பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் நான்கு வாரமாவது உட்காரவைத்துப் பேசாமல் நான் ஒரு பிள்ளையையும் கையில் வாங்கியதில்லை. வாக்கு பொய்யானால் குழந்தை ஞானஸ்நானத்துக்காக நாம் சொல்லும் நியாயங்கள் எல்லாம் உதிர்ந்துவிடும். ஞானப்பெற்றோர் வாக்குத் தவறும் ஆபத்தைத் தெர்த்துல்லியனும் சுட்டிக்காட்டித்தான் பொறுக்கச் சொன்னார்.

அடுத்தது, நீங்கள் மறுபடியும் எடுக்க வேண்டுமா என்பது. வேண்டாம். "ஒரே கர்த்தரும், ஒரே விசுவாசமும், ஒரே ஞானஸ்நானமும்" என்று எபேசியர் நிருபம் சொல்கிறது. வட ஆப்பிரிக்காவில், உபத்திரவ காலத்தில் வேதப்புத்தகங்களைக் காட்டிக்கொடுத்த குருமாரிடம் பெற்ற ஞானஸ்நானம் செல்லாதென்று ஒரு கூட்டத்தார் மறுபடியும் கொடுத்தபோது, ஞானஸ்நானம் கொடுப்பவரின் சொத்து அல்ல, அது கிறிஸ்துவினுடையது என்று அகஸ்தீன் பதில் சொன்னார். கொடுத்தவரின் தகுதியைப் பற்றி அவர் சொன்னதைப் பெற்றவரின் நினைவைப் பற்றியும் சொல்லலாம் என்பது என் கருத்து. உங்களுக்கு நினைவில்லை என்பதால் கடவுள் சொன்ன வார்த்தை அழிந்துபோகாது. உலகத் திருச்சபைகளின் மாமன்றத்தைச் சேர்ந்த விசுவாசம்-ஒழுங்கு ஆணையம் பெரு நாட்டின் லிமா நகரத்தில் 1982-இல் கூடி ஏற்ற அறிக்கையும், மறு ஞானஸ்நானம் என்று கொள்ளத்தக்க எதையும் தவிர்க்கும்படி எல்லாத் திருச்சபைகளையும் கேட்டுக்கொண்டது. உங்கள் கணவர் கண்மாயில் இறங்கியதை என் திருச்சபையின் ஒழுங்கின்படி நான் ஞானஸ்நானம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று அவர் ஆண்டவருக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தது உண்மை என்று நம்புகிறேன். வீட்டில் அதைப் பழித்துப் பேசாதீர்கள். நம் பக்கத்தாருக்கு இதில் பழைய கடன் ஒன்று இருக்கிறது. விசுவாசிகளுக்கே ஞானஸ்நானம் என்று சொன்ன ஃபீலிக்ஸ் மான்ஸ் என்பவரை, 1527 ஜனவரி 5-இல், கைகளைக் கட்டி லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது, குழந்தை ஞானஸ்நானத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்ட சூரிக் நகர மன்றம்.

இப்போது மகளைப் பற்றி நீங்கள் செய்யக்கூடியது. ஒரு மாலையில், அம்மாவும் இல்லாமல் இரு சபையாரும் இல்லாமல், நீங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். செல்லுமா செல்லாதா என்று தொடங்காமல், இவளை எப்படி வளர்க்கப்போகிறோம் என்று தொடங்குங்கள்: இரவில் யார் ஜெபிப்பது, எந்த ஆலயத்துக்குக் கூட்டிப்போவது, அவள் கேள்வி கேட்கும்போது நாம் ஒருவரையொருவர் குறைத்துப் பேசாமலிருப்போமா என்று. பிறகு அவரையும் அழைத்துக்கொண்டு உங்கள் ஆயரிடம் போங்கள். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையும் ஒருநாள் தன் வாயால் அறிக்கை செய்தே ஆகவேண்டும், அதற்குத்தான் திடப்படுத்தல் என்பதை அவர் ஆயரின் வாயால் கேட்டால், தமக்கும் இந்த ஒழுங்கில் இடமிருக்கிறது என்று உணரக்கூடும். அவர் மனச்சாட்சி இடங்கொடுத்தால், என் ஆலோசனை ஞானஸ்நானம் கொடுங்கள் என்பதே. ஞானப்பெற்றோராக, வசதியானவர்களைத் தேடாமல், அவள் பதினைந்து வயதில் கதவைத் தட்டினால் திறக்கக்கூடியவர்களைத் தேடுங்கள்.

அவர் மனச்சாட்சி இடங்கொடாவிட்டால், பிள்ளையை ஆலயத்தில் ஜெபித்து ஆசீர்வதிக்கும்படி மட்டும் இப்போது கேளுங்கள். ஞானஸ்நானம் அவள் கேட்கும் நாளுக்குக் காத்திருக்கட்டும். இது விசுவாசத்தில் தோற்றுப்போவது அல்ல. 1970-இல் பாப்திஸ்துகளும் சேர்ந்து உருவான வட இந்தியத் திருச்சபையில் இந்த இரண்டு வழிகளும் ஒரே கூரையின் கீழ் ஏற்கப்பட்டிருக்கின்றன. எந்த வழியானாலும் இரவு ஜெபத்தை இன்றைக்கே தொடங்கிவிடுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

அம்மாவிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள்; தொலைபேசியில் வேண்டாம். மாற்கு வசனத்தையும் மோனிக்காவின் கதையையும் சொல்லுங்கள். பிள்ளைக்கு உயிராபத்து நேர்ந்தால், அருகில் இருக்கும் எந்தக் கிறிஸ்தவரும் திரித்துவ நாமத்தைச் சொல்லித் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். அதை அறிந்தாலே அவர் தூங்குவார். வெள்ளைச் சட்டையின் ஓரத்தில் துணி மடித்து உள்ளே விட்டுத் தைத்திருந்தால், பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் அதைப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு, வேளை வரும்போது புதிதாக ஒன்று தைக்கும்படி அம்மாவிடமே கேளுங்கள்.